முடிச்சுச் சாம்பார்

படித்தவர்கள் பத்துப் பேர் கூடி உட்கார்ந்து ஏழையின் சோற்றைப் பற்றிக் கூட்டம் போடுகிறார்கள் என்று கேள்விப்பட்டால், ஏழை அன்றைக்கே இன்னொரு வாய் சேர்த்துத் தின்றுவிட வேண்டும். நாளைக்கு அது இருக்காது. காளிச்சாமிக்கு இதைச் சொல்லித்தர ஆளில்லாமல் போயிற்று. போத்தனூரிலிருந்து சைக்கிளில் மில்லுக்குப் போவது, மத்தியானம் கேன்டீனில் சாப்பிடுவது, சாயங்காலம் வீட்டுக்கு வந்து எருமைக்குத் தண்ணி காட்டுவது, இதுதான் அவன் அறிந்த உலகம்.

அவனுக்கு வேலை ப்ளோ ரூமில். பஞ்சுப் பொதியைப் பிரித்து மிஷினுக்குக் கொடுக்கிற இடம். அங்கே மூச்சை இழுத்தால் பாதி காற்று, பாதி பஞ்சு. உச்சிப்பொழுதுக்குள் தொண்டை தலகாணி மாதிரி அடைத்துக்கொள்ளும். அதைத் திறக்கிற வித்தை கேன்டீன் சமையல்காரர் நரசிம்மலுவின் கையில் இருந்தது. மிளகு தட்டிப் போட்ட ரசம். பருப்பு கண்ணுக்குத் தெரிகிற சாம்பார். புதன்கிழமையானால் கொள்ளுப் பருப்பும் அதன் தலையில் நல்லெண்ணெயும். ரசத்தை உள்ளங்கையில் வாங்கி உறிஞ்சினால் தொண்டை விட்டுக்கொடுக்கும். அப்புறம்தான் காளிச்சாமிக்குப் பேச்சே வரும். இத்தனை வருசத்தில் மில்லில் அவன் கண்ட சுகம் அது ஒன்றுதான்.

நாட்டின் கதவைத் திறந்துவிட்டார்கள், இனி வெளிநாட்டுத் துணி வந்து இறங்கிவிடும், எல்லோரும் சிக்கனமாக இருக்க வேண்டும் என்று அந்த வருசங்களில் எங்கே பார்த்தாலும் பேச்சு. மில்லு முதலாளிகள் கூடி, சிக்கனத்தை எங்கே ஆரம்பிக்கலாம் என்று யோசித்தார்கள். காரில் ஆரம்பிக்கலாமே, ஊட்டி பங்களாவில் ஆரம்பிக்கலாமே என்று ஒருத்தர் வாயிலும் வந்ததாகத் தகவல் இல்லை. கேன்டீனில் ஆரம்பித்தார்கள். அதற்கென்று அவிநாசி ரோட்டில் ஏ.சி. போட்ட கட்டடம் ஒன்றைக் கட்டி, ‘சிக்கன உணவு ஆய்வு மையம்’ என்று பலகை மாட்டினார்கள். இயக்குநர் கோவிந்தராஜுலு. ஏழைகளின் பசியைப் பற்றி டெல்லியிலும் வெளிநாட்டிலும் போய்ப் பேசிவிட்டு வந்தவர். போன இடத்திலெல்லாம் விருந்து பலமாக இருந்திருக்கிறது என்பதை அவர் சட்டைப் பொத்தான்களே சொல்லும்.

சங்கத்துக்காரர்கள் சத்தம் போட்டார்கள். பேசிப் பேசி ஓர் ஒப்பந்தம் வந்தது. மையத்தின் சமையல் எதுவானாலும் முதலில் ஒரு தொழிலாளி வீட்டில் செய்து பார்க்க வேண்டும், அவன் சரி என்றால்தான் கேன்டீனுக்கு வரலாம். ஜெயித்துவிட்டோம் என்று சங்கத்தில் வெடி வைத்தார்கள். ஆளைப் பொறுக்குகிற வேலையை மட்டும் நிர்வாகம் தன்னிடம் வைத்துக்கொண்டது.

பொறுக்கியது காளிச்சாமியை. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து எதைப் பற்றியும் குறை சொல்லாத ஆள் என்று பேர் எடுத்தவன்.

கோட்டைமேட்டு அமீர் ஹம்சா பக்கத்து செக்‌ஷனில் வேலை செய்கிறவன், சோத்துக் கூட்டாளி. சேதி தெரிந்ததும் ஓடி வந்தான்.

“காளியண்ணா, இனி எங்க எல்லாத்து சோறும் உங்க நாக்குல இருக்குது. ‘நல்லா இல்லீங்க’. அவ்வளவுதான். சொல்லிப்போடுவீங்கல்ல?”

“அதிலென்ன பாய் இருக்குது? நல்லா இல்லீன்னா இல்லீன்னுதான சொல்லோணும்.”

ஞாயிற்றுக்கிழமை மையத்தின் ஜீப்பு வாசலில் வந்து நின்றது. கீதா என்ற சின்னப்பிள்ளை இறங்கினாள். கள அலுவலராம். கையில் நகைக்கடைத் தராசு மாதிரி ஒன்று, எவர்சில்வர் தட்டு ஒன்று. தட்டின் விளிம்பில் மையத்தின் பேர் வெட்டியிருந்தது.

“பரிமாறும்போது தட்டை எடை போடுவேங்க. சாப்பிட்டு முடிச்சதும் இன்னொரு தடவை போடுவேன். அப்புறம் ஒரு கேள்வி கேப்பேன். வாய் பொய் சொல்லலாம், தட்டு சொல்லாதுங்கறது எங்க இயக்குநரோட கோட்பாடுங்க,” என்றாள்.

அன்றைக்குச் சத்து உருண்டை. கொள்ளுப் பருப்புக்குப் பதில். கீதா நீட்டிய பொட்டலத்தைக் காளிச்சாமியின் பெண்டாட்டி ராசாத்தாள் வாங்கி மோந்து பார்த்தாள்.

“ஏனுங் அம்மணி, இது எங்க எருமைக்கு வைக்கிற புண்ணாக்கு ஆச்சே?”

“எருமைக்கு வச்சா புண்ணாக்குங்கம்மா. மனுசருக்கு வச்சா கொழுப்பு நீக்கிய நிலக்கடலை மாவு.”

சொன்னபடி பிசைந்து, சொன்னபடி வேகவைத்து, ராசாத்தாள் தட்டில் வைத்தாள். காளிச்சாமி ஒரு வாய் வைத்தான். வாய்க்குள் போனது வெளியே வரவும் இல்லை, உள்ளே போகவும் இல்லை. தண்ணி குடித்துத் தள்ளினான். வீட்டில் ஆக்கியதை மிச்சம் வைத்துப் பழக்கமில்லாத உடம்பு, கை தன்பாட்டுக்கு அள்ளிக்கொண்டே இருந்தது. பார்த்தால் தட்டு வழித்தெடுத்த மாதிரி காலி.

“எப்படிங்கய்யா இருக்கு?”

காளிச்சாமி நிமிர்ந்தான். அந்தப் பிள்ளை வெயிலில் வந்ததில் முகமெல்லாம் கறுத்து, நெற்றி வியர்த்து நின்றாள். வாசற்படி ஏறி வந்த ஒறம்பரை. அப்படி விருந்தாளியாக வந்தவர்களைப் பார்த்து ‘நீ கொண்டுவந்தது நல்லா இல்லை’ என்று சொன்னவன் அவன் வகையறாவிலேயே கிடையாது. அவன் அப்பன் சம்பந்தி வீட்டு விருந்தில் உப்பில்லாத குழம்பைக் கேட்டுக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, வீட்டுக்கு வந்து உப்புக்கல்லை நக்கினவன்.

“நல்லாருக்குதுங் அம்மணி,” என்றான் காளிச்சாமி.

சொன்னபிறகுதான் சொன்னது தன் வாய்தான் என்று அவனுக்கே தெரிந்தது. கீதா ஒரு சொம்பு மோர் வாங்கிக் குடித்துவிட்டுக் கிளம்பினாள். அந்தப் புதன்கிழமை கேன்டீனில் கொள்ளுப் பருப்பு இல்லை.

அமீர் ஹம்சா புண்ணாக்கு உருண்டையைக் கையில் வைத்துக்கொண்டு வந்து நின்றான்.

“நல்லாருக்குதுன்னா சொன்னீங்க?”

“வாயில வந்துருச்சு பாய்.”

“வாந்தியல்லோ வந்திருக்கோணும்!”

அடுத்ததாகச் சாம்பாருக்கு வரப்போகிறார்கள் என்று பேச்சு அடிபட்டது. சாம்பார் போனால் அடுத்தது ரசம். அமீர் ஹம்சா விடவில்லை. மிஷின் சத்தத்துக்கு நடுவே அவன் கீதாவாக நின்று, “எப்படிங்கய்யா இருக்கு?” என்று குழைவான். காளிச்சாமி, “நல்லா... நல்லா...” என்று முக்குவான். பழகப் பழகத்தான் வரும் என்று வீட்டிலும் ஆரம்பித்தான். ராசாத்தாள் கீரை கடைந்து போட்டாள். காளிச்சாமி ஒரு வாய் தின்றுவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, “நல்லா இல்லை” என்றான்.

“என்ன சொன்னீங்க?”

“பழகிக்கறேன்.”

“பழகறதுக்கு என்ற கீரைதான் கெடைச்சுதா?” தட்டைப் பிடுங்கி எருமைக்குப் போட்டாள். எருமை ஒன்றும் சொல்லாமல் தின்றது.

அடுத்த ஞாயிறு கார் வந்தது. கீதாவோடு இயக்குநரே வந்தார். காளிச்சாமி தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டான். கோவிந்தராஜுலு கட்டிலில் உட்கார்ந்து, ஒரு வெள்ளைத்துணி முடிச்சைத் தூக்கிக் காட்டினார். உள்ளே ஒரு கைப்பிடி துவரம்பருப்பு.

“சாம்பார் கொதிக்கும்போது இந்த முடிச்சை உள்ளே இறக்க வேண்டும். பிறகு எடுத்துக் காயவைத்துவிட வேண்டும். நாளைக்கும் இதே முடிச்சு. நாளன்றைக்கும் இதே. கெட்டியாவதற்கு மைதாக் கரைசல். காலம்காலமாகப் பருப்பைச் சாம்பாரிலேயே குடியிருக்க விட்டுவிட்டோம். அது வந்து போனால் போதும் என்பது எங்கள் கண்டுபிடிப்பு.”

“நீங்களும் ஒரு வாய் சாப்புடுங்க,” என்றாள் ராசாத்தாள். அவள் அதை உபசாரமாகச் சொல்லவில்லை.

“கூடாதம்மா. இருபது வருடமாக ஏழைகளின் உணவை ஆராய்கிறேன். ஒரு நாள்கூட அதை வாயில் வைத்ததில்லை. ஆராய்ச்சியின் தூய்மை அப்படி,” என்றார். முறுக்கு இருந்தால் சாப்பிடலாம் என்றார். இருந்தது. சாப்பிட்டார்.

காளிச்சாமி முடிச்சுச் சாம்பாரை விட்டுப் பிசைந்து வாயில் வைத்தான். போஸ்டர் ஒட்டுகிற பசையில் புளியைக் கரைத்த மாதிரி இருந்தது. கீதா கேட்டாள். அவன் சுவரைப் பார்த்தான், கூரையைப் பார்த்தான், அமீர் ஹம்சாவை நினைத்துக்கொண்டான்.

“நல்லா... இல்லீங்க,” என்றான். உடம்பெல்லாம் வியர்த்துவிட்டது. பெரியவர் மனசு என்ன பாடுபடுமோ என்று பயந்து ஓரக்கண்ணால் பார்த்தான்.

கோவிந்தராஜுலுவுக்கு முகம் மலர்ந்தது. “பிரமாதம். நான் எதிர்பார்த்ததுதான். பசி என்பது உண்மை. ருசி என்பது அபிப்பிராயம். நாங்கள் உண்மைக்காக உழைக்கிறோம். அபிப்பிராயத்துக்கு எங்களிடம் நிதி ஒதுக்கீடு கிடையாது. கோளாறு சாம்பாரில் இல்லை, உம்முடைய நாக்கில். நாக்குச் சீர்திருத்தம் ஆரம்பிக்க வேண்டியதுதான்.”

மறுநாள் மையத்து ஆட்கள் வந்து அடுப்படி அலமாரியைச் சாத்தி, நாடா கட்டி, அரக்கு வைத்தார்கள். பருப்பு, மிளகு, சீரகம், நெய், எல்லாம் உள்ளே. பழைய ருசி தலைகாட்டினால் சோதனை கெட்டுவிடுமாம்.

“என்ற அடுப்படிக்குச் சீல் வைக்க நானென்ன சாராயமா காச்சறேன்?” என்று ராசாத்தாள் வாசலில் நின்று கத்தினாள். “எத்தனை நாளைக்கு இந்தக் கூத்து?”

கீதாவுக்கே கொஞ்சம் சங்கடம்தான். “ஐயா நல்லாருக்குன்னு சொல்ற வரைக்கும்ங்கம்மா. அவரு மத்தியானமும் கேன்டீன்ல சாப்பிடக் கூடாதுன்னு உத்தரவு. இதையே தூக்குப்போசில கொடுத்து விடணும்.”

இப்படியாக, மில்லு முழுக்கச் சாப்பிடப் போவதைக் காளிச்சாமி முன்கூட்டியே சாப்பிட ஆரம்பித்தான். முதல்நாள் சாம்பாரில் பருப்பு வாசம் லேசாக இருந்தது. அடுத்தநாள் துணி வாசம். அதற்கப்புறம் துணி வாசமும் போய், முடிச்சைக் கொடியில் காயப்போட்டதால் சோப்பு வாசம் வந்தது. சிரமமான சங்கதி தொண்டைதான். காலையெல்லாம் பஞ்சு இறங்கும். மத்தியானம் ரசம் வந்து அதைக் கழுவுவதற்குப் பதில் மைதாப் பசை வந்து ஒட்டிவிடும். பஞ்சு, பசை, பஞ்சு, பசை. காளிச்சாமியின் குரல் நாளுக்கு நாள் தேய்ந்தது. கடைசியில் எருமையை அதட்டினால்கூட அது திரும்பிப் பார்ப்பதில்லை.

ராசாத்தாளுக்குப் பொறுமை போய்விட்டது. “நல்லாருக்குதுன்னு சொல்லித் தொலைங்க. நானாச்சும் என்ற அடுப்படிக்குள்ள போறேன்.”

“சொன்னா... அத்தனை பேரு தொண்டையும்...” என்று காற்றாக வந்தது அவனிடமிருந்து.

“உங்க தொண்டை போனா மட்டும் எவன் வந்து ஊதி உடப்போறான்?”

அவள் கேட்டதில் தப்பில்லை. சரி என்றால் கேன்டீன் போகிறது. இல்லை என்றால் வீடு போகிறது. இரண்டு பக்கமும் அடைத்துவிட்டு நடுவில் ஆளை நிறுத்தி அபிப்பிராயம் கேட்பதற்கு நல்ல படிப்பு வேண்டும். ஆனாலும் காளிச்சாமி யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தான். வாயை நம்பினால்தானே வம்பு? தட்டு பொய் சொல்லாது என்று அவர்களேதான் சொல்கிறார்கள். ஒரே ஒரு வாய் வைத்துவிட்டு மொத்தத்தையும் அப்படியே மிச்சம் வைத்துவிடுவது. மலை மாதிரி மிச்சம் கிடக்கும்போது எந்த இயக்குநர் என்ன சொல்லிவிட முடியும்?

இறுதிச் சோதனைக்கும் கோவிந்தராஜுலு வந்தார். மில்லு மேனேஜரையும் கூட்டி வந்திருந்தார். தட்டை எடை போட்டு வைத்தார்கள். சோறு, அதன்மேல் முடிச்சுச் சாம்பார். காளிச்சாமி ஒரு வாய் எடுத்தான், மென்றான், முழுங்கினான். வேண்டாம் என்று தலையை ஆட்டினான். அவன் அப்பன் பாட்டனுக்கு மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டு மன்னிப்புக் கேட்டுக்கொண்டான். சோறு அப்படியே கிடந்தது. கதவுக்குப் பின்னால் நின்ற ராசாத்தாள் முகத்தில்கூட வெகுநாளைக்கப்புறம் ஒரு தெளிச்சி தெரிந்தது.

சாப்பிட்டு முடித்தவன் என்ன செய்வான்? சொம்பை எடுத்தான். தட்டிலேயே கையை நீட்டி, தாராளமாகத் தண்ணியை ஊற்றிக் கழுவினான். பிறந்ததிலிருந்து வீட்டில் ஒரு சாப்பாட்டையும் அவன் வேறு மாதிரி முடித்ததில்லை. சொம்பு காலியானபிறகுதான் என்ன செய்தோம் என்று விளங்கியது.

தராசோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த கீதா திரும்பி வந்து தட்டை ஏற்றினாள். முள் ஓடியது. இறக்கி, துடைத்து, இன்னொரு தடவை ஏற்றினாள். அவளுக்கு முகம் வெளுத்தது.

“சார், பரிமாறினதைவிட மிச்சம் அதிகமா இருக்குதுங்க.”

“என்ன?”

“ஐயா, தட்டுல கை கழுவினீங்களா?” என்று காளிச்சாமியிடம் மெதுவாகக் கேட்டாள். அவன் தலையாட்டினான்.

“கை கழுவுதல் நம்முடைய சோதனை முறையில் இருக்கிறதா?” என்றார் கோவிந்தராஜுலு.

“இல்லைங்க சார்.”

“முறையில் இல்லாதது நடக்கவில்லை.” அவர் எழுந்து தட்டுக்குப் பக்கத்தில் வந்து, தீபாராதனை பார்க்கிற மாதிரிக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். “மேனேஜர் சார், கவனிக்க வேண்டும். ஒரு தொழிலாளி சாப்பிட்டிருக்கிறார். சாப்பிட்ட பிறகு உணவு குறையவில்லை, பெருகியிருக்கிறது! இனி கேன்டீனில் பாதி அளவு சமைத்தாலே போதும். இந்தத் துறையில் இதுவரை யாரும் இதைக் கண்டதில்லை.”

“அது தண்ணிங்க...” என்று காளிச்சாமி எழுந்தான். பஞ்சும் பசையும் வழிவிடவில்லை. வெறும் காற்று வந்தது.

“அது எச்சித் தண்ணிங்க சாமி!” என்று ராசாத்தாள் கத்தினாள்.

“குடும்பத்தலைவி உணர்ச்சிவசப்படுகிறார். இயற்கைதான்,” என்றார் கோவிந்தராஜுலு. அலமாரியின் அரக்கை அன்றைக்கே உடைத்துவிட்டார்கள். சோதனை வெற்றிகரமாக முடிந்துவிட்டதே.

கேன்டீனில் திறப்பு விழா நடந்தது. வாசலில் வாழைமரம், உள்ளே மைக். காளிச்சாமிக்குப் பொன்னாடை போர்த்தி, பேர் வெட்டின அந்த எவர்சில்வர் தட்டையே பரிசாகக் கொடுத்து, முதல் வரிசையில் முதல் ஆளாக உட்கார வைத்தார்கள். பக்கத்தில் அமீர் ஹம்சா. அவன் காளிச்சாமி முகத்தைப் பார்க்கவில்லை.

“கை கழுவறதுக்குக் கொழாய் இருக்குதுன்னு உங்களுக்கு ஆருமே சொல்லலையாண்ணா?” என்றான் எதிர்ச் சுவரைப் பார்த்து.

கோவிந்தராஜுலு பேசினார். “இந்தச் சாம்பார் ஆய்வில் நிரூபிக்கப்பட்டது. ஒரு தொழிலாளியின் வீட்டில், அவருடைய நாக்கிலேயே நிரூபிக்கப்பட்டது. எனவே இதில் இனிமேல் யாருக்காவது குறை தெரிந்தால், அது எங்கள் முறையின் குறையாக இருக்க முடியாது. சமைத்த கையின் குறை. அப்படிப்பட்ட கையை நிர்வாகம் மாற்றிவிடும் என்று மேனேஜர் உறுதி கொடுத்திருக்கிறார்.” பலமாகக் கைதட்டினார்கள். அதிகாரிகளுக்கு மேடைக்குப் பின்னால் ஓட்டலிலிருந்து கேரியர் வந்து இறங்கியது. நெய் வாசம் மட்டும் கொஞ்சம் முன்வரிசை வரைக்கும் வந்தது.

நரசிம்மலு வாளியோடு வந்தார். இத்தனை வருசம் அந்தக் கேன்டீனில் நின்ற மனுசன். வாளியை இறக்கிவைத்து, கரண்டியை அடிவரை விட்டுக் கலக்கினார். காளிச்சாமி தட்டில் ஊற்றினார். காளிச்சாமி ஒரு வாய் வைத்தான். பின்னாலேயே வந்த ஆள் மைக்கை நீட்டினான்.

“எப்படிங்ணா இருக்குது?” என்று நரசிம்மலு கேட்டார். அவர் கண்ணைப் பார்த்தால் அது கேள்வி மாதிரித் தெரியவில்லை.

நல்லா இல்லை என்று சொல்ல அன்றைக்குக் காளிச்சாமிக்குத் தடையே இல்லை. பழகியும் வைத்திருந்தான். தனக்கு அத்தனை வருசம் ரசம் ஊற்றின அந்தக் கையைப் பார்த்தான்.

“நல்லாருக்குதுங்க,” என்றான். காற்றாகத்தான் வந்தது, மைக்கு அதைப் பெரிசாக்கி வெளியே கேட் வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தது.

வாளி அமீர் ஹம்சாவிடம் நகர்ந்தது. அவன் பிசைந்தான். தின்றான். இத்தனை நாளாகக் காளிச்சாமியைக் கரித்துக்கொட்டிய வாய் அது. அது மெல்வதை நிறுத்தியது, அவன் நரசிம்மலுவை நிமிர்ந்து பார்த்தான்.

“எப்படிங்க பாய்?”

“நல்லாருக்குது நரசிம்மலு,” என்றான் அமீர் ஹம்சா. பஞ்சும் பசையும் வழிவிடாததால் யாருக்கும் கேட்கவில்லை. இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொல்லுங்கள் என்று மைக்கை வாயருகே கொண்டுபோனார்கள். சொன்னான். அவனுக்கப்புறம் அடுத்தவன் சொன்னான். அப்படியே வரிசை வரிசையாக.